கைக்கு எட்டாத இரண்டு செல்ஃப் மோட்டார்கள்

இரண்டிலும் கழற்ற வேண்டிய போல்ட் இரண்டே இரண்டுதான். ஒன்று, அமெரிக்கப் புறநகர் வீடுகளில் ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி. மற்றது, டொயோட்டா 1989-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் வெளியிட்ட லெக்சஸ் எல்.எஸ். 400 கார். விலையிலும் மதிப்பிலும் ஏணி வைத்தாலும் எட்டாத இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தக் காரணம், இரண்டிலுமே எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் கை நுழையாத இடத்தில் இருப்பதுதான். ஆனால் அந்தச் சிக்கல் வந்த வழி வேறு வேறு. காரில் மோட்டாரை ஒளித்தவர்கள் யோசித்து ஒளித்தார்கள். புல்வெட்டியில் யாரும் ஒளிக்கவில்லை. அது தானாக ஒளிந்துகொண்டது. கழற்றும் வேலையில் வரும் எல்லா வேறுபாடுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

செல்ஃப் மோட்டார் எங்கே உட்கார வேண்டும் என்பதை ரிங் கியர்தான் முடிவு செய்கிறது. ஃப்ளைவீலின் விளிம்பைச் சுற்றி ஓடும் அந்தப் பல்வரிசையை மோட்டாரின் முனையில் உள்ள பினியன் என்ற சிறு பல்சக்கரம் பிடித்தால்தான் எஞ்சின் சுற்றும். காரில் கிராங்க் ஷாஃப்ட் படுக்கையாகக் கிடக்கிறது. அதனால் ரிங் கியர் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் வருகிறது. மோட்டார் அதையொட்டி எஞ்சினின் பக்கத்திலோ அடியிலோ இருப்பது வழக்கம். புல்வெட்டியில் கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கிறது. அதன் கீழ்முனையில் உள்ள புல்லியிலிருந்து ஒரு பெல்ட் வெட்டுத்தட்டின் கத்திகளுக்கும் இன்னொன்று சக்கரங்களை ஓட்டும் பெட்டிக்கும் போகிறது. கீழ்முனையைப் புல்லி பிடித்துக்கொண்டதால் ஃப்ளைவீல் எஞ்சினின் உச்சிக்குப் போய்விட்டது. காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் அந்த ஃப்ளைவீல்மேலேயே விசிறி இதழ்கள் உண்டு. அந்தக் காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பிவிட எல்லாவற்றையும் மூடிய ஒரு ஹவுசிங். செல்ஃப் மோட்டார் கிராங்க்கேஸை ஒட்டி நிமிர்ந்து நிற்க, பினியன் உள்ள தலை ஃப்ளைவீலின் அடியில், ஹவுசிங்குக்குள் மறைந்திருக்கும்.

இவ்வளவும் எஞ்சினோடு நின்றிருந்தால் தொல்லையே இல்லை. மேசைமேல் தனியாக வைத்த பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சினில் செல்ஃபைக் கழற்றுவது காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை. மில்வாக்கியில் 1908-இல் தொடங்கிய அந்த நிறுவனம் எஞ்சினைச் செய்து விற்கிறது. அது கிராஃப்ட்ஸ்மேன், ஹஸ்க்வர்னா, டிராய்-பில்ட் என்று பல பெயர் தாங்கிய வண்டிகளில், ஜான் டியரின் சில சிறிய வண்டிகளில்கூட, போய் உட்காருகிறது. எஞ்சின் செய்பவருக்கு அது எந்தச் சட்டகத்தில் இறங்கும் என்பது பொருட்டல்ல. சட்டகம் செய்பவருக்கோ எஞ்சின் என்பது அடியில் சில போல்ட், ஒரு புல்லி, ஒரு பெட்ரோல் குழாய், ஒரு ஒயர் கொத்து, அவ்வளவுதான். இருவரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்த பிறகு பார்த்தால் ஒரு போல்ட்டுக்கு நேர் எதிரே சட்டகத்தின் பக்கத்தகடு வந்து நிற்கும்; இன்னொன்றின் வழியை ஆயில் ஃபில்டர் அடைத்திருக்கும்; சைலன்சரின் வெப்பத்தகடு கை போகும் சந்தை மறிக்கும். அதே எஞ்சின் வேறொரு நிறுவனத்தின் சட்டகத்தில் இருந்தால் ஸ்பேனர் தாராளமாகச் சுழலும். ஆகவே இந்த எஞ்சினில் செல்ஃப் கழற்றுவது கடினமா என்று கேட்பதில் பொருளில்லை. எந்த வண்டியில் என்று கேட்க வேண்டும்.

லெக்சஸில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. எஞ்சின், சட்டகம், பேட்டரி வைக்கும் தட்டு எல்லாம் ஒரே கூரையின்கீழ் வரைந்தவை. 1யூஇசட்-எஃப்இ என்ற அந்த 4 லிட்டர் வி-8 எஞ்சினில் நான்கு நான்கு சிலிண்டர்கள் 90 டிகிரி கோணத்தில் பிரிந்து நிற்கின்றன. நடுவில் ஒரு பள்ளம்; அதன்மேல் இன்டேக் மேனிஃபோல்டு. அந்தப் பள்ளத்தின் பின்கோடியில் செல்ஃப் படுத்திருக்கிறது. காரை உயர்த்தி அடியில் படுத்துத் தேடுகிறவர் எவ்வளவு நேரம் தேடினாலும் கண்ணில் படாது.

ஏன் அங்கே என்று ஊகிப்பது கடினமில்லை. வி-8 எஞ்சினின் இரு பக்கவாட்டிலும் எக்ஸாஸ்ட் குழாய்கள் கொதித்துக்கொண்டிருக்கும். செல்ஃப் மோட்டாருக்கு ஆகாதது வெப்பம். அதற்கடுத்தது சாலையிலிருந்து தெறிக்கும் தண்ணீரும், பனிநாடுகளில் ரோட்டில் தூவும் உப்பும். பள்ளத்துக்குள் இந்தத் தொல்லைகள் இல்லை. அந்த இடம் வேறெதற்கும் பெரிதாகப் பயன்படுவதும் இல்லை. பல லட்சம் கிலோமீட்டர் ஓடக்கூடிய காரில் ஒரு முறையோ இரு முறையோ மாற்ற வேண்டிய பொருளுக்கு எட்டும் வசதி எதற்கு, ஆயுள்தான் முக்கியம் என்று ஒரு கணக்கு. முதல் உரிமையாளருக்கு அது லாபம். மூன்றாவது கை மாறி வாங்கியவர்தான் விலை கொடுக்கிறார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் செல்ஃபை 1912 மாடலில் பொருத்தி, கைப்பிடியால் சுற்றிக் கிளப்பும் அவஸ்தைக்கு முடிவு கட்டத் தொடங்கிய நிறுவனம் காடிலாக். எண்பது வருடம் கழித்து அதே காடிலாக் தன் நார்த்ஸ்டார் வி-8 எஞ்சினில் செல்ஃபைக் கொண்டுபோய் மேனிஃபோல்டுக்கு அடியில்தான் புதைத்தது.

லெக்சஸின் முடிவை நான் மன்னித்துவிடுவேன். புல்வெட்டியின் அலட்சியத்தை மன்னிப்பதுதான் சிரமம். வெட்டிய புல்லும் தூசியும் நடுக்கமும் தின்னும் வண்டி அது. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்து, வசந்தத்தில் பாதி உயிருள்ள பேட்டரியோடு கிளம்பச் சொல்கிறார்கள். செல்ஃப் அடிக்கடி பழுதாகும் இடத்தில்தான் அது எளிதாகக் கழல வேண்டும்.

ஆனாலும் யாரும் திட்டமிடாத சிக்கலுக்கு ஒரு நன்மை உண்டு: உள்ளே போகப் பல வழிகள் இருக்கும். புல்வெட்டியில் முதலில் எல்லாரும் முயல்வது பக்கவாட்டு வழி. பானெட்டைத் தூக்கி, ராட்செட்டோடு நீண்ட எக்ஸ்டென்ஷனும் வளைந்து கொடுக்கும் யுனிவர்சல் ஜாயின்ட்டும் மாட்டி, வெளிப்புற போல்ட்டைத் தளர்த்திவிடலாம். பல பிரிக்ஸ் எஞ்சின்களில் அரை அங்குல சாக்கெட் பொருந்தும். உள்பக்க போல்ட்தான் வழக்கு. மோட்டாரின் உடம்புக்கும் கிராங்க்கேஸுக்கும் நடுவே விரல் போகும், சாக்கெட் போகாது. மெல்லிய ரிங் ஸ்பேனரை நுழைத்து, ஒரு தடவைக்கு ஒரு பல் அளவே திருப்பி, எடுத்து, மறுபடி நுழைத்து, இப்படியே பொறுமையைச் சோதிக்கும். முனையில் ராட்செட் உள்ள ரிங் ஸ்பேனர் இருந்தால் பாதித் துன்பம் குறையும். ஆயில் ஃபில்டரைக் கழற்றினாலே போதிய இடம் கிடைத்துவிடும் வண்டிகளும் உண்டு. சிந்தும் எண்ணெய்க்கு அடியில் ஒரு தட்டு வைத்துவிட்டு அதைச் செய்வது, முழங்கை தோலை உரித்துக்கொண்டு மணிக்கணக்கில் போராடுவதைவிட மேல்.

இரண்டாவது வழி மேலிருந்து. ஹவுசிங்கைக் கழற்றுவது. பார்த்தால் பெரிய வேலையாகத் தோன்றும் என்பதால் பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். இதையே முதலில் செய்ய வேண்டும் என்பேன். சில போல்ட்டுகள், எண்ணெய் அளக்கும் குழாயின் பிடிப்பு, சில வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டி, அவ்வளவே. மூடி எழுந்ததும் பினியனும் ரிங் கியரும் வெட்டவெளிச்சமாகத் தெரியும். மோட்டார் செத்ததா, பல் உடைந்ததா என்று அங்கேயே தெரிந்துவிடும். கூடவே சிலிண்டரின் குளிர்விக்கும் இதழ்களுக்கு நடுவே கெட்டியாக அடைந்த புல்லும், அதிர்ஷ்டமிருந்தால் ஒரு எலிக்கூடும் அகப்படும். அந்த அடைப்பு நீடித்தால் எஞ்சினே சூடேறிக் கெடும். ஆகவே செல்ஃப் கெடாவிட்டாலும் அந்த மூடியை அவ்வப்போது திறக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, வெட்டுத்தட்டை இறக்கிவிட்டு அடியிலிருந்து நுழைவது. முன்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி, நகராமல் கட்டை கொடுத்து, மல்லாந்து படுக்க வேண்டும். கண்ணில் மண் விழும். நான்காவது, எஞ்சினையே தூக்குவது. சட்டகத்தில் பிடித்திருக்கும் போல்ட்டுகள், சைலன்சர், பெட்ரோல் குழாய், ஆக்சிலேட்டர் கேபிள், ஒயர் இணைப்பு ஆகியவற்றை விடுவிப்பதுவரை சிரமமில்லை. கிராங்க் ஷாஃப்ட்டின் அடியில் உள்ள புல்லியோ மின் கிளட்ச்சோ துருப்பிடித்து ஒட்டியிருந்தால்தான் பொழுது போய்விடும். சில நேரம் எஞ்சினை முழுதாகத் தூக்காமல், அடி போல்ட்டுகளைக் கழற்றிச் சற்றே திருப்பி வைத்தாலே தகடு விலகி வழி பிறக்கும். இந்தத் தந்திரம் எந்தச் சர்வீஸ் புத்தகத்திலும் இருக்காது, ஏனென்றால் புத்தகம் எழுதுகிறவர் எஞ்சினை மேசைமேல் வைத்து எழுதுகிறார்.

லெக்சஸில் வழி ஒன்றுதான். அதைப் புத்தகம் படிப்படியாகச் சொல்லியும் விடுகிறது. பேட்டரியைக் கழற்றி, எரிபொருள் அழுத்தத்தை இறக்கி, குளிர்நீரை வடித்துக்கொள்ள வேண்டும். பிறகு காற்றுக் குழாய், த்ராட்டில் பாடி, எண்ணற்ற ரப்பர் வேக்வம் குழாய்கள், இன்ஜெக்டர்களின் ஒயர் இணைப்புகள், எரிபொருள் குழாய்கள் என்று வரிசையாக விலக்கி, மேனிஃபோல்டைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒயருக்கும் சீட்டு ஒட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளாதவர் திரும்பப் பூட்டும்போது அழுவார். எந்தப் போல்ட்டுக்கும் கை போகாமல் இல்லை, பின்சுவரை ஒட்டியவை தவிர. இருபது முப்பது வருட வெப்பத்தில் வறண்ட பிளாஸ்டிக் இணைப்புகள் தொட்டாலே உடைவதுதான் இங்கே பகை. கடைசியில் பள்ளத்தில் செல்ஃப் தெரியும்போது, இரண்டு போல்ட்டும் நோகாமல் கழன்றுவரும்.

புல்வெட்டியில் துன்பம் முழுவதும் கழற்றுவதில் இருக்கிறது; திரும்பப் பூட்டுவதில் பயமில்லை. லெக்சஸில் கழற்றுவது பொறுமையின் வேலை. திரும்பப் பூட்டுவதில்தான் ஆபத்து. மேனிஃபோல்டின் பேக்கிங் புதிதாகப் போட வேண்டும். ஒரு மயிரிழை காற்று கசிந்தாலும் எஞ்சின் ஐடிலிங்கில் தடுமாறும், எச்சரிக்கை விளக்கு எரியும், எங்கே கசிகிறது என்று தேடுவது தனி வேலை. புல்வெட்டியின் ஹவுசிங்கில் ஒரு போல்ட் குறைந்தால் கடகடவென்று சத்தம் வரும், அதற்குமேல் ஒன்றுமில்லை.

கை தவறி விழும் நட்டு எங்கே போகிறது என்று பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். மேனிஃபோல்டு எழுந்ததும் லெக்சஸ் எஞ்சினில் காற்றுத் துளைகள் வானம் பார்த்துத் திறந்து கிடக்கின்றன. ஒரு சின்ன நட்டு உள்ளே உருண்டு, வால்வு திறக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் விழுந்தால் செல்ஃப் மாற்ற வந்தவர் எஞ்சினையே மாற்ற வேண்டிவரும். அதனால் முதல் வேலையாகத் துணியோ டேப்போ வைத்து எல்லாத் துளையையும் அடைக்கிறார்கள். புல்வெட்டியில் விழுந்த நட்டு பெரும்பாலும் புல்தரையில் கிடக்கும். தரையில் காணோமென்றால் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும்: மின்பொறிக்காகவும் பேட்டரி சார்ஜுக்காகவும் அதில் காந்தங்கள் உண்டு, இரும்பென்றால் இழுத்து வைத்துக்கொள்ளும். கவனிக்காமல் சாவியைத் திருப்பினால் அது சுற்றிவந்து இக்னிஷன் காயிலை அடிக்கும்.

மின்சாரத்திலும் இரண்டுக்கும் ஒத்துப்போவதில்லை. பெரும்பாலான புல்வெட்டிகளில், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சாலினாய்டு தனியே சட்டகத்தில் இருக்கிறது. மோட்டாருக்கு வரும் தடித்த ஒயரில் சாவியைத் திருப்பும் நொடியில்தான் மின்சாரம் வரும், மற்ற நேரம் அது வெறும் ஒயர். லெக்சஸில் சாலினாய்டு செல்ஃபின் தோளிலேயே உட்கார்ந்திருப்பதால் பேட்டரியின் நேர்மின் கேபிள் எந்நேரமும் உயிரோடு அங்கே வந்து நிற்கிறது. பேட்டரியைக் கழற்ற மறந்து ஸ்பேனரை வைத்தால் பொறி பறக்கும், ஸ்பேனரே ஒட்டிக்கொள்ளும். புல்வெட்டியிலும் நெகட்டிவ் கேபிளைக் கழற்றத்தான் வேண்டும், ஸ்பார்க் பிளக்கின் தொப்பியையும் உருவத்தான் வேண்டும். கையும் கத்தியும் ஒரே வண்டியில் இருக்கின்றன. அந்த மோட்டாரின் மின்முனையில் நட்டைத் திருகும்போது அடிநட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளாவிட்டால் திருகுதண்டு மொத்தமாகச் சுழன்று உள்ளே இணைப்பை அறுத்துவிடும். நல்ல மோட்டார் கழற்றும்போதே செத்துப்போவது இப்படித்தான்.

உள்ளே எது கெடுகிறது என்பதற்கு நூறு வருட வரலாறு பதில் சொல்லும். புல்வெட்டியில் இன்றும் பெருவாரியாக இருப்பது வின்சென்ட் பெண்டிக்ஸ் 1910-களில் புகழ்பெறச் செய்த உத்தி. மோட்டார் சட்டென்று சுழலும்போது பினியன் தன் சடத்துவத்தால் பின்தங்கி, திருகுப் புரிகளில் ஏறி மேலே போய் ரிங் கியரைப் பிடிக்கும். எஞ்சின் கிளம்பியதும் ரிங் கியரின் வேகமே அதைக் கீழே தள்ளிவிடும். கார்கள் இந்த உத்தியை எப்போதோ கைவிட்டு, சாலினாய்டே நெம்புகோலால் பினியனைத் தள்ளி, பல்லோடு பல் சேர்ந்த பிறகே மோட்டாரைச் சுழலவிடும் முறைக்கு மாறிவிட்டன. கோலர் நிறுவனத்தின் கமாண்ட் வரிசைப் புல்வெட்டி எஞ்சின்களில் இரண்டு வகையும் உண்டு. பழைய உத்தியில் ஒவ்வொரு முறையும் பல்லும் பல்லும் மோதிக்கொள்கின்றன. ரிங் கியர் அலுமினியமாக இருந்தால் அதைக் காப்பாற்றவே பினியனை நைலானில் செய்கிறார்கள். தேய்வதும் உடைவதும் அந்த நைலான் பல்தான். மோட்டாரைக் கழற்றாமலேயே, ஹவுசிங்கை எடுத்துவிட்டு, முனையில் உள்ள பூட்டு வளையத்தை விடுவித்துப் பல்லை மட்டும் மாற்றிவிடலாம் என்பது பல பிரிக்ஸ் எஞ்சின்களில் உள்ள வசதி. லெக்சஸின் நிப்பான்டென்சோ செல்ஃபில் முதலில் சாவது சாலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனைகள். விரல் நுனியளவு செம்புத் துண்டு கருகித் தேய்ந்ததற்காகத்தான் அந்த மேனிஃபோல்டையே தூக்குகிறார்கள்.

ஆகவே கழற்றும் முன் நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பது லெக்சஸில் அதிக முக்கியம் என்று தோன்றும். தவறினால் நஷ்டம் அங்கேதான் பெரிது. ஆனால் தவறு அதிகம் நடப்பது புல்வெட்டியில். சாவியைத் திருப்பினால் எஞ்சின் அரைச்சுற்றுச் சுற்றி முக்கி நின்றுவிடும். எல்லாரும் செல்ஃபைத்தான் சந்தேகிப்பார்கள். பேட்டரியும் கேபிள் இணைப்புகளும் சரியாக இருந்தும் இப்படியென்றால், பிரிக்ஸின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களில் குற்றவாளி பெரும்பாலும் வால்வு இடைவெளி. அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஏழு பங்கு வரை இருக்க வேண்டிய அந்த இடைவெளி நாளடைவில் அதிகமாகிவிட்டால், கிளப்பும்போது மட்டும் வால்வைச் சற்றே திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு வேலை செய்யாமல் போகும். முழு அழுத்தத்தோடு மல்லுக்கட்ட அந்தச் சின்ன மோட்டாரால் ஆகாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்க்கும்போது எஞ்சின் தாராளமாகச் சுற்றினால், செல்ஃபைத் தொடவே வேண்டாம். லெக்சஸில் அறிகுறி இன்னும் நேர்மையானது. சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டக்’, ஹெட்லைட் மங்குவதில்லை. தொடுமுனை கருகிப்போய் மின்சாரமே பாயவில்லை என்று பொருள். விளக்கு மங்கினால் பேட்டரியையும் கேபிளையும் முதலில் பார்க்க வேண்டும்.

புது மோட்டாரைப் பூட்டியதும் புல்வெட்டிக்காரருக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஹவுசிங்கை மூடாமலே, பிளக் தொப்பி உருவியபடியே, தள்ளி நின்று சாவியைத் திருப்பிப் பினியன் எழுந்து பல்லைப் பிடித்து இறங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். சரியில்லையென்றால் மறுபடி இரண்டு போல்ட். அதனால் அங்கே விலை குறைந்த மாற்று மோட்டார் வாங்கிப் பார்ப்பதில் தப்பில்லை. லெக்சஸில் எல்லாவற்றையும் பூட்டிக் குளிர்நீர் ஊற்றிய பிறகே தீர்ப்பு தெரியும் என்பதால், மோட்டாரை வைஸில் இறுக்கிப் பிடித்து, வெளியே பேட்டரி கொடுத்துப் பலமுறை சுழற்றிப் பார்த்த பின்தான் பள்ளத்தில் இறக்குகிறார்கள். பெயர் தெரியாத கம்பெனியின் மலிவு மோட்டாரை அங்கே போடுகிறவர் மிச்சம் பிடித்த பணத்தைப் புது பேக்கிங்குக்கே திரும்பக் கொடுக்க நேரும். பழைய அசல் மோட்டாருக்கே புதுத் தொடுமுனை போட்டு உள்ளே வைப்பதுதான் நல்லது. பள்ளம் திறந்திருக்கும்போதே அங்குள்ள நாக் சென்சார் ஒயரையும் இறுகிப்போன குளிர்நீர் ரப்பர் குழாய்களையும் மாற்றிவிட வேண்டும், மேனிஃபோல்டை மறுபடி தூக்க யாருக்கும் மனம் வராது.